என் மனைவி அடித்த நான்கு ஆணிகள்

நித்திரை வரும்போது என் தங்கையின் மகள் தன் கன்னத்தைத் தானே கிள்ளிக்கொள்வாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. வாசற்கதவோரம் நிலத்தில் உட்கார்ந்திருப்பாள். தலை சாயும், இரண்டு விரல்களால் இறுக்கிக் கிள்ளி மறுபடி நிமிர்வாள். இன்று அவள் மூன்று பிள்ளைகளின் தாய். ஆனாலும் அவளை நினைத்தால் கன்றிப்போன அந்த இடது கன்னம்தான் எனக்கு முதலில் வருகிறது.

அறுபதுகளில் ஒரு மார்கழியில் அடித்த பெரும்புயல் அவளுடைய தகப்பனைக் கடலோடு கொண்டுபோயிற்று. விடியுமுன் அவர் வள்ளத்துக்குப் புறப்பட்டபோது பிள்ளை நித்திரை. உடல் கிடைக்கவில்லை, அதனால் மாதா கோயிலில் அடக்கப் பூசையும் நடக்கவில்லை. தங்கையும் மகளும் திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்திருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பிள்ளை கேட்கும்போதெல்லாம், "அப்பா திரியாய்ப் பக்கம் தொழிலுக்குப் போயிட்டார்" என்று தங்கை சொன்னாள். அயலாரும் அதையே சொன்னார்கள். பச்சைப்பிள்ளையின் மனம் நோகக்கூடாது என்பதுதான் எல்லோருடைய எண்ணமும். அவள் அழக்கூடாதென்று நானும் காலையில் பின்பக்கக் குசினிக் கதவால் சத்தமில்லாமல் வேலைக்குப் போவேன்.

பிள்ளை மெலிந்துகொண்டே போனாள். பாதர் வந்து செபித்துத் தண்ணீர் தெளித்தார். டொக்டர் ஒரு பாணி மருந்து தந்தார். கொஞ்சம் கண்ணயர்ந்தாலும் திடுக்கிட்டு எழும்பி, அறை அறையாக ஓடி யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பாள். எதைக் கண்டாலும் ஒன்று, இரண்டு என்று எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. வீட்டில் அது எல்லோருக்கும் பகிடி. "மாமனைப் போல இவளும் ஆள் எண்ணுறாள்" என்று தங்கை சொன்னாள்.

என் மனைவி சிரிக்கவில்லை. "எண்ணேல்லை, காவல் இருக்கிறாள். தான் நித்திரை கொண்ட நேரத்திலைதானே தகப்பன் போனவர்? நீங்களும் களவாய்ப் போறீங்கள். பிறகு என்னெண்டு அவள் கண்ணை மூடுறது?"

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் குழந்தைகளைக் கொஞ்சுகிறவளும் அல்ல, அதட்டுகிறவள். நாங்கள் எல்லோரும் அதே பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். என் மனைவிக்கு மட்டும் அது எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நான் துறைமுக வேலைத்தளத்தின் வாசலில் கிளாக்கராக இருந்தேன். உள்ளே போகும் தொழிலாளி தன் இலக்கம் பொறித்த பித்தளை வில்லையை என்னிடம் தருவான். நான் அதைப் பலகையில் அவனுக்குரிய ஆணியில் கொழுவுவேன். வெளியே வரும்போது வாங்கிக்கொண்டு போவான். மாலையில் ஒரு வில்லை மிஞ்சியிருந்தால் ஒரு மனிதன் இன்னும் உள்ளே இருக்கிறான். அவனைக் கண்டுபிடிக்காமல் கதவைப் பூட்ட முடியாது. இந்தக் கதையை வீட்டில் நான் சொல்லிச் சொல்லி மனைவிக்கு அலுத்திருந்தது.

ஒருநாள் அவள் காலியான பால்மா ரின்னின் தகரத்தை நான்கு வட்டங்களாக வெட்டி, விளிம்பை அடித்து மழுக்கினாள். எனக்கு மூக்குக்கண்ணாடி, தைக்கிற தங்கைக்குக் கத்தரிக்கோல், தனக்கு வீட்டுக் கதவின் திறப்பு, பிள்ளைக்குப் பூனைக்குட்டி என்று ஆணியால் படம் கீறினாள். பிறகு வாசற்சுவரில், பிள்ளைக்கு எட்டும் உயரத்தில், நான்கு ஆணிகளை அடித்தாள்.

"இஞ்சேரும், பூச்சு உதிரப்போகுது" என்றேன்.

"உதிர்ந்தால் எண்ணிப் பொறுக்குங்கோ."

வெளியே போகிறவர் பிள்ளையிடம் சொல்லி, வில்லையை அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். அவள் அதைக் கொழுவுவாள். திரும்பி வந்தால் அவளே எடுத்துத் தருவாள். முதல்நாள் நான் கொடுத்தபோது அவள் கத்திய சத்தம் சந்திவரை கேட்டது. மாலையில் மனைவியிடம் முறையிட்டேன். "அழட்டும். தெரிஞ்சு அழுறாள்" என்றாள்.

"மாமா வருவாரோ?" என்று பிள்ளை அவளை நச்சரிக்கும். நானென்றால் சத்தியமே செய்திருப்பேன். அவள் செய்யவில்லை. "வாறதெண்டுதான் தந்திட்டுப் போறார். பிந்தினால் ஆளனுப்பிச் சொல்லுவார்" என்பாள். கப்பல் வேலை நீண்ட நாட்களில் எங்கள் வீதியால் கிண்ணியாவுக்குப் போகிற சைக்கிள்காரரை மறித்தாவது நான் சொல்லி அனுப்பினேன். பிள்ளை வாசலை விட்டு எழும்பி விளையாடத் தொடங்கினாள். ஆனால் ஒரு வில்லை ஆணியில் தொங்கினாலும் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டு விழித்திருப்பாள்.

பிறகு ஒரு ஞாயிறு, வெட்டி எஞ்சிய தகரத்துண்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மாமி, அப்பாவுக்கும் ஒண்டு செய்து கொழுவுங்கோ."

தங்கையின் தையல் மெசின் நின்றது. என் மனைவி பிள்ளைக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்தாள்.

"வாறவைக்குத்தான் வில்லை, ராசாத்தி. அப்பா வரமாட்டார். புயலிலை வள்ளம் கவிண்டு கடலிலை செத்துப்போனார். உன்னை விட்டிட்டுப் போக அவர் நினைக்கேல்லை. நீ நித்திரை கொண்டதாலை அவர் போகவும் இல்லை."

"என்ன மச்சாள் இது, பச்சைப்பிள்ளையிட்டை" என்றாள் தங்கை.

"பச்சைப்பிள்ளைதான் இவ்வளவு நாளும் இதைத் தனியச் சுமந்தது. நீயும் இஞ்சை வந்து இரு."

தங்கை வந்து இருந்தாள். புருஷன் போனபின் மகளுக்கு முன்னால் அவள் அழுதது அன்றுதான். பிள்ளை முதலில் தாயின் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தானும் அழுதாள். இப்போதெல்லாம் சாவு கண்ட பிள்ளைகளைத் தேற்றுவது எப்படியென்று, அதற்கென்றே படித்தவர்கள் வந்து கோயில் மண்டபத்தில் வகுப்பு நடத்துகிறார்கள். நானும் போய்க் கேட்டேன். நன்றாகச் சொன்னார்கள். கேட்கக் கேட்க, கையில் சுத்தியலோடு நின்ற என் மனைவியைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறுக்கு மறுநாள் மாலை நான் வீட்டுக்கு வந்தபோது வாசலில் பிள்ளை இல்லை. உள்ளே என் மனைவியின் மடியில், வாய் திறந்தபடி, மூச்சுச் சீறக் கிடந்தாள். என் வில்லை இன்னும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் வெளியே இருக்கும்போதே அவள் நித்திரை கொண்டுவிட்டாள்.

வில்லையை எடுக்கக் கை நீட்டினேன். "விடுங்கோ" என்றாள் மனைவி மெல்ல. "எழும்பி அவள் தரட்டும்."

மனைவிக்குக் கால் விறைத்துப்போயிருக்க வேண்டும். ஆனாலும் அவள் அசையவில்லை. நான் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, இன்னும் வீடு வந்து சேராதவனாக, வாசற்படியில் உட்கார்ந்து காத்திருந்தேன்.