மருந்து அலமாரிக்கு இரண்டு பூட்டு

என் மாமனார் பேங்க் மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவர். 1990களில் டாக்குரியா ஃப்ளாட்டில் எங்களோடு இருந்தார். பேத்தி மீனு நடக்க ஆரம்பித்ததும் மருந்து அலமாரிக்கு இரண்டு பூட்டு போட்டார். ஒரு சாவி அவரிடம், இன்னொன்று என்னிடம். பேங்க் பெட்டக அறை மாதிரி, இரண்டு பேரும் சேர்ந்தால்தான் திறக்க முடியும். தலைவலி மாத்திரைக்குக்கூட அவரைத் தேட வேண்டும். "குழந்தை இருக்கிற வீடும்மா" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் மாலை அவருக்கே நெஞ்சுவலி. நாக்கடியில் வைக்கும் மாத்திரை அலமாரிக்குள். என் பூட்டைத் திறந்துவிட்டேன். அவர் சாவி எங்கே என்று சொல்ல அவருக்குப் பேச்சு வரவில்லை. எதிர் ஃப்ளாட் பிமல்தா ஓடி வந்து அம்மிக் குழவியால் பூட்டை உடைத்தார். மாத்திரை கொடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

பேச்சு வந்ததும் கேட்டார்: "உடைக்கும்போது சாட்சிக்கு யாரும்மா இருந்தா?"

"மீனு இருந்தாப்பா."

"அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதே."

வீடு திரும்பியதும் புதுப் பூட்டு வாங்கி வந்தார். நான் போட விடவில்லை. மருந்தெல்லாம் மீனுவுக்கு எட்டாத மேல் தட்டுக்குப் போனது, அவசர மாத்திரை அவர் சட்டைப் பைக்கு. கடைசிவரை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

அந்தப் பூட்டு இன்னும் பிரிக்காமல் கிடக்கிறது. அவர் போய்விட்டார்; இப்போது அவர் சாவி, என் சாவி இரண்டும் என்னிடம்தான்.