எங்கே போகிறோம் என்று அக்கா கேட்டாள்

பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்திக்கொண்டவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சம். எழுதத் துணிந்ததற்கு மன்னிக்க வேண்டும். அக்காவைப் பற்றி எழுத எங்கள் வீட்டில் வேறு ஆள் இல்லை.

எழுபதுகளின் தொடக்கம். தி.நகரில் ஐந்தாறு குடித்தனங்கள் இருந்த வீட்டில் ஒரு போர்ஷன் எங்களுடையது. அக்காவுக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலும் விளங்காமல் போய்விட்டன. கையை ஊன்றி நகர்ந்து வாசல் நடைக்கு வந்துவிடுவாள். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் வம்பளப்பாள். எல்லோருக்கும் அவளைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. வாய் அதிகம்.

வீட்டுக்காரர் மகளுக்கு வரன் தேடத் தொடங்கினார். பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் அக்கா படக் கூடாது என்றார். அம்மா ஊரிலிருந்து மாமாவை வரவழைத்தாள். தாம்பரத்துக்கு அப்பால், இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொள்ளும் ஒரு விடுதியில் மாமா இடம் பிடித்தார். அங்கே போனவர்கள் திரும்பி வருவதில்லை என்பதை ஒரு வசதியாகவே சொன்னார். அக்காவிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. தன் புடவைகளெல்லாம் டிரங்குப் பெட்டிக்குள் போவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா சகுனம் பார்ப்பவர். கிளம்பும்போது யாராவது 'எங்கே' என்று கேட்டுவிட்டால், உள்ளே போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்படுவார். அன்று திங்கட்கிழமை; ஏழரைக்கு ராகு காலம். அதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று சைக்கிள் ரிக்‌ஷா வரச் சொல்லியிருந்தார். அக்காவைத் தூக்கி உட்கார வைத்தோம். மாமா ஏறுவதற்குக் காலைத் தூக்கினார்.

"எங்க மாமா போறோம்?" என்றாள் அக்கா.

மாமா உள்ளே போனார், உட்கார்ந்தார், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார், வந்தார்.

"எங்கன்னு கேட்டேனே மாமா?"

"வாயை மூடிக்கிட்டு வரமாட்டியா நீ?" என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போனார். நாலாவது டம்ளரை அவரால் பாதிக்கு மேல் குடிக்க முடியவில்லை.

ரிக்‌ஷாக்காரர் பீடியை அணைத்தார். "இன்னா சார், வூட்டுக்கும் வண்டிக்கும் நடந்துகினே கீறியே. அந்தப் பொண்ணு கேக்குறதுக்கு பதில் சொல்லிட்டா போய்க்கினே இருக்கலாம்ல?"

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் பெட்டியைப் பார்த்தேன்.

"நீயாவது சொல்லேம்மா," என்றாள் அக்கா. "எங்க போறேன்? எப்போ திரும்பி வருவேன்?"

"ராகு காலம் வந்துடுச்சு," என்றார் மாமா. "அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"வேணாம்ணே," என்றாள் அம்மா. "அவ என்கூடவே இருக்கட்டும்."

"வீட்டுக்காரருக்கு என்ன சொல்லுவே?"

"இதையேதான்."

அக்காவைக் கீழே இறக்கினோம்.

மறுநாள் வீட்டுக்காரர் போர்ஷனைக் காலி செய்யச் சொன்னார். அம்மா மேற்கு மாம்பலத்துக்கு வீடு தேடப் போனாள். அக்காவையும் ரிக்‌ஷாவில் ஏற்றிக் கூடவே கூட்டிக்கொண்டு போனாள்.