கழுவாத டிரம்பெட்

என் அக்கா புருஷனுக்கு எங்கள் வாத்தியக் குழுவில் பட்டப்பெயர் ஊதாங்குழல். ஆள் அவ்வளவு ஒல்லி. ஹோட்டல் கூடத்தில் தினமும் சாயங்காலம் அவர் டிரம்பெட் ஊதுவார்; பின்னால் நான் டிரம்ஸ். கடைசிப் பாட்டின் முடிவில் ஒரே சுரத்தைப் பதினாறு தட்டு நேரம் ஒரே மூச்சில் நீட்டிப் பிடிப்பார். எண்ணுவது என் வேலை.

இறந்துபோன ஒரு வாத்தியக்காரரின் வீட்டில்தான் அந்தப் பழைய டிரம்பெட்டை வாங்கினார். எண்பது வருடப் பித்தளை, தேய்ந்து மெலிந்திருந்தது. புதுசுகள் எடுத்த எடுப்பிலேயே கத்தும். இது தாழ்ந்த சுரத்தில் கனத்துப் பேசும். மெல்ல ஊதினாலும் கடைசி மேசைவரை போகும். சுரங்கள்தான் ஓரிடத்தில் நிற்காது. உதடு அசந்தால் வழுக்கிவிடும்.

"அவரு இதுல ஒரு சொட்டு தண்ணி பட விட்டதில்லைங்க. உள்ள படிஞ்சிருக்கிறதுதான் குரலாம்," என்றார் வீட்டம்மா. உள்ளறையில் அவருடைய மகன் அப்பாவின் இன்னொரு டிரம்பெட்டை ஊதிக்கொண்டிருந்தார்.

"அவருக்கு என்னங்க ஆச்சு?" என்று கேட்டேன்.

"இருமல்தான். இருமி இருமியே போயிட்டாரு."

முதலில் சொன்னது மச்சான் காதில் விழுந்தது. பிறகு சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. என் மரமண்டையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நாங்களெல்லாம் எங்கள் வாத்தியங்களைக் குளிப்பாட்டாத குறையாகத் துடைத்து வைப்போம். மச்சான் இதைத் தண்ணீர்ப் பக்கமே காட்டவில்லை. குழாய்க்குள் விரல் விட்டால் பச்சையாக ஒட்டும். "அது அழுக்கில்ல மாப்ளே, அனுபவம்," என்பார். நானும் சிரித்தேன், மடையன்.

அடுத்த வருடம் பதினாறு பதின்மூன்றாயிற்று. பிறகு பத்து. கூடவே இருமலும் வந்தது. டிரம்பெட்டை விட்டுவிட்டு வெளியூர் போன பத்து நாளும் அவருக்கு இருமலே இல்லை. "அந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கிச்சு," என்றார். திரும்பி வந்த மூன்றாம் நாள் படியேற முடியாமல் சுவரைப் பிடித்து நின்றார். அக்காவும் நானும் அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனோம்.

"வீட்டுல பூஞ்சை புடிச்ச இடம் ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார் டாக்டர். "அந்தக் காத்தையே தினம் இழுத்தா நுரையீரல் தழும்பாயிடும். தழும்பானது திரும்பாது."

"போன மாசம்தான் வெள்ளையடிச்சோம் டாக்டர்," என்றார் மச்சான். அக்கா அவர் மடியிலிருந்த டிரம்பெட் பெட்டியையே பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் யாரையும் கேட்காமல் அதை வெந்நீரில் முக்கிவிட்டாள். கருப்பும் பச்சையுமாகச் சேறு வந்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது.

"கொன்னுட்டியேடி அத!" என்று கத்தினார் மச்சான்.

"அது உங்களக் கொல்லப் பாத்துச்சே, அது பரவாயில்லையா?" அக்கா அழுதுகொண்டே தேய்த்தாள்.

மறுநாள் துடைத்துக் காயவைத்து ஊதினார். அதே கனம், அதே வழுக்கல். இம்மிகூடக் குறையவில்லை. அந்த அழுக்குக்கும் குரலுக்கும் ஒரு சம்பந்தமும் இருந்ததில்லை.

"எத்தன தட்டு?"

"ஆறு," என்றேன்.

டிரம்பெட்டைப் பெட்டியில் வைத்தார். திடீரென்று எழுந்து செருப்பைத் தேடினார். "இத வாங்குன அந்த வீட்டுப் பையன், மாப்ளே. அவனும் கழுவியிருக்க மாட்டான்."

போய் வாசலில் நிற்கும்போதே உள்ளே டிரம்பெட் கேட்டது. நீண்ட சுரம். பழக்கதோஷம், எண்ண ஆரம்பித்துவிட்டேன். ஒன்பதில் அறுந்தது. பிறகு இருமல்.

மச்சான் இரண்டு கையாலும் கதவைத் தட்டினார்.