என்ன உடம்புக்கு?

எனக்குக் கேள்வி கேட்காமல் இருக்க வராது. திருக்கழுக்குன்றத்தில் பஸ் ஏறினால், செங்கல்பட்டு வந்து சேருவதற்குள் பக்கத்து சீட்டுக்காரர் எங்கே போகிறார், யாரைப் பார்க்கப் போகிறார், மடியில் இருக்கும் பையில் என்ன என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிடும். தினமும் என் பக்கத்தில் உட்காருபவர் கோர்ட்டு வாசலில் டைப் அடிக்கும் ஒரு அம்மா. அவர் வீட்டுக்காரரின் சர்க்கரை அளவு அவருடைய டாக்டரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். செங்கல்பட்டிலிருந்து ரயிலில் போய் நான் வேலை பார்ப்பது பொத்தேரியில். அந்த வேலை கிடைத்தது இந்த வாயால்தான். அது போகப் பார்த்ததும் இதே வாயால்தான்.

எங்கள் அலுவலகம் நெதர்லாந்தில் உள்ள ஒரு கிடங்கு நிறுவனத்துக்குக் கணக்குப்பிள்ளை வேலை தவிர மற்ற எழுத்து வேலையெல்லாம் பார்க்கிறது. அங்கே ஒருவர் வேலைக்குச் சேர்ந்தாலும், லீவு போட்டாலும், ஒப்பந்தம் முடிந்து போனாலும், அதற்கான கடிதத்தை இங்கே ஒரு பரோட்டா கடையின் மாடியில் உட்கார்ந்து நாங்கள் தட்டுகிறோம். மாதம் ஒருமுறை அந்த ஊர் வக்கீல் ஒருவர் திரையில் தோன்றி, முதலாளிகள் தெரிந்துகொள்ள வேண்டிய புதுச் சட்டங்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். மற்றவர்கள் கேமராவை அணைத்துவிட்டு நாஸ்தா சாப்பிடுவார்கள். நான் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே இருப்பேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. அந்த ஊரில் எப்படித்தான் பிழைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை, அவ்வளவுதான்.

சுயதொழில்காரர் என்று பேருக்கு எழுதிவைத்துவிட்டு ஒருவரைச் சம்பளக்காரரைப் போல வேலை வாங்கினால், அந்த முதலாளியை வரித்துறை இனிமேல் சும்மா விடாது என்றார் ஒரு மாதம். கூப்பிட்டால் வா, கூப்பிடாத நாளுக்குக் காசில்லை என்னும் ஒப்பந்தங்களை ஒழிக்கப் பார்க்கிறார்கள் என்றார் இன்னொரு மாதம். ஐரோப்பா முழுவதற்கும் ஒரு விதி வருகிறதாம். வேலை கேட்டு வருபவரிடம், இதற்கு முன் எவ்வளவு சம்பளம் வாங்கினாய் என்று முதலாளி கேட்கக் கூடாதாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கத்துக் கல்யாண வீட்டில் இலை போடுவதற்குள் அந்தக் கேள்வியை மூன்று பேர் கேட்டு முடித்திருப்பார்கள்.

இதெல்லாம் புதுசு. நான் மாட்டிக்கொண்டது பழைய விதி ஒன்றில். அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஒருவர், உடம்பு சரியில்லை, இன்றைக்கு வரமாட்டேன் என்று சாட்டில் எழுதினார். "அடடா, என்ன உடம்புக்கு? காய்ச்சலா, வயிறா?" என்று உடனே கேட்டேன். எங்கள் ஊரில் அதைக் கேட்காமல் விட்டால்தான் தப்பு. அந்த மனிதர், பாவம், ஒன்றுவிடாமல் சொன்னார். நானும் சுக்கு, மிளகு தட்டிப்போட்டுக் கஷாயம் வைக்கும் முறையை எழுதி அனுப்பினேன். அதோடு விட்டேனா? அவர் சொன்னதையெல்லாம் அவருடைய ஃபைலில் 'குறிப்பு' என்ற கட்டத்தில் பதிந்தும் வைத்தேன்.

மறுநாள் எங்கள் டீம் லீடர் என் மேஜைக்கு வந்தார். என்னைவிட இளையவர், மதுராந்தகத்துக்காரர். சாதாரணமாக ஆங்கிலம் பேசுவார், கோபம் வந்தால் மதுராந்தகம் பேசுவார்.

"இன்னாக்கா பண்ணி வெச்சிகிற? அவன் வியாதிய அவன் ஃபைல்லயே எழுதிகிற?"

"அவரேதான் சொன்னாரு தம்பி."

"அவனா சொன்னாகூட எழுதக் கூடாது. நீ கேட்டதே தப்பு. இன்னொரு தபா இப்டி ஆச்சுன்னா உன் வேலை பூடும், கூடவே என் வேலையும் பூடும்."

அந்தக் கட்டத்தை அழித்துவிட்டு விதியைப் படித்தேன். முதலாளி கேட்கக் கூடியது சிலதுதான். எப்போது திரும்பி வருவாய், பாதியில் நிற்கும் வேலை என்ன, எந்த நம்பரில் பிடிக்கலாம், வேலையிடத்து விபத்தா என்கிற மாதிரி. என்ன நோய், எதனால் வந்தது என்று கேட்கக் கூடாது. அதைக் கம்பெனி டாக்டர் மட்டும் தெரிந்துகொள்வார். அவரும் முதலாளியிடம் நோயைச் சொல்ல மாட்டார். இவரால் எந்த வேலை முடியும், எது முடியாது என்று மட்டும் சொல்வார். நோயைக் காரணம் காட்டி முதல் இரண்டு வருடம் வேலையை விட்டு அனுப்பவும் முடியாது. எனக்கு வியப்பு அடங்கவில்லை. ஒருவரிடம் என்ன என்று கேட்காமலே எப்படி அக்கறை காட்டுவது என்று ரயிலிலும் பஸ்ஸிலும் யோசித்துக்கொண்டே வந்தேன்.

அந்த யோசனை தீர்வதற்குள் என் அண்ணி படுத்துவிட்டார். அண்ணன், அண்ணி, நான் மூவரும் ஒரே வீடு. அண்ணன் லாரியில் வடக்கே போயிருந்தான். அண்ணி மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு ஓட்டலில் ரூம் சுத்தம் செய்கிறார். ஓட்டல் ஆள் இல்லை, ஏஜென்சி ஆள். செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, ஒரு மாதம் ஓய்வு வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சூப்பர்வைசர் போனில் ஒரு ஃபாரம் அனுப்பினார். அதில் 'நோயின் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அதை நிரப்பித் தராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார்களாம்.

"எழுத மாட்டேன் பாப்பா," என்றார் அண்ணி. "போன வருசம் ஒரு பொண்ணு எழுதிக் குடுத்துச்சு. சேதி துணி மடிக்கற ரூம்ல ஆரம்பிச்சி கிச்சன் வரிக்கும் பூட்சு. அது தண்ணி குடிக்கற கிளாஸ தனியா வெச்சாங்க. அந்தப் பொண்ணே வேலைய வுட்டு நின்னுடுச்சி."

"வயித்து வலின்னு எழுதுங்க அண்ணி."

"அப்பறம் வலி எப்டி கீதுன்னு தெனம் கேப்பாங்க. தெனம் ஒரு பொய்யி சொல்லணும்."

அப்படி என்னதான் உடம்புக்கு அண்ணி என்ற கேள்வி என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எனக்கும் உண்மையில் தெரியாது. மறுநாள் ஸ்கேனுக்காக மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அண்ணி என் கையில் ஃபைலைக் கொடுத்துவிட்டு உள்ளே போனபோது, அரை மணி நேரம் அதை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பிரித்தால் ஒரு நொடி வேலை. உண்மையைச் சொன்னால், ஓரத்தை இரண்டு முறை தூக்கியும் பார்த்தேன். பிறகு அதன் மேல் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நீளமான அரை மணி நேரத்தை நான் கண்டதில்லை.

அண்ணி வந்ததும் ஒன்றுதான் சொன்னேன். வியாதி பேர் வேண்டாம், எந்தத் தேதியிலிருந்து வேலைக்குப் போகலாம், போனதும் எந்த வேலை செய்யக் கூடாது என்று மட்டும் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். டாக்டர் மறுக்காமல் எழுதித் தந்தார். இருபதாம் தேதி முதல் வேலை செய்யலாம். ஆறு வாரத்துக்குக் கனம் தூக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டு, அந்தத் தாளுடன் ஓட்டலின் பின்கேட்டுக்குப் போனேன். சூப்பர்வைசர் ஆள் பட்டியலை வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல வியாதி பேரே இல்லியேம்மா. இன்னா உடம்புக்கு அவங்களுக்கு?"

"எனக்குத் தெரியாது சார்."

"ஒரே வூட்ல கீற, தெரியாதா?"

"கேக்கல சார்."

என் வாழ்நாளில் நான் யாரிடமும் சொல்லியிராத வார்த்தை அது. அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நெதர்லாந்தில் முதலாளி இதைக் கேட்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது என்றேன்.

"அது வெள்ளக்காரன் ஊரும்மா. இங்க நான் கட்டத்த ரொப்பியாவணும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கு இன்னா வேணும் சார்? வியாதி வேணுமா, ஆளு வேணுமா?"

அவர் பட்டியலைப் பார்த்தார். "ஆளுதாம்மா. எப்ப வருவாங்கன்னே தெரியாம எப்டி லிஸ்ட்டு போடறது? அதான் பேஜாரு."

"தேதி அதுல கீது பாருங்க. மெத்தை, பக்கெட்டு தூக்கற வேலை வேணாம். ஆறு வாரம் துணி மடிக்க விடுங்க."

கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். பிறகு ஃபாரத்தை எடுத்து, அந்தக் கட்டத்திலேயே 'இருபதாம் தேதி வருகிறார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த ஓட்டலின் ஆவணப்படி என் அண்ணிக்கு வந்த நோயின் பெயர் இருபதாம் தேதி. மெல்லுகிற வாய்களுக்கு இந்த முறை அவல் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் அண்ணி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு என்னையே பார்த்தார்.

"ஊரே கேட்டுச்சி. நீ மட்டும் இன்னா உடம்புக்குன்னு கேக்கவே இல்லியே பாப்பா."

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, அவராகவே சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

மறு வாரம் பஸ்ஸில் டைப் அடிக்கும் அம்மா கேட்டுவிட்டார். "உங்க அண்ணிக்கு இன்னா உடம்புக்கு?"

"இருபதாம் தேதி வேலைக்குப் போறாங்கம்மா."

"நான் தேதியா கேட்டேன்?" அவர் முகம் சுண்டிவிட்டது. "எங்க வூட்டுக் கதை ஒண்ணு பாக்கியில்லாம உனக்குத் தெரியும்."

நியாயம்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை வருடம் அவரைக் குடைந்து குடைந்து கேட்டிருக்கிறேன். "தப்புதாம்மா. இனிமே நானும் உங்கள ஒண்ணும் கேக்க மாட்டேன்," என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு ஸ்டாப் போயின. பிறகு மெதுவாகச் சொன்னார். "அப்டி சொல்லாதம்மா. எங்க வூட்டுக்காரரு எப்டி கீறாருன்னு கேக்கறவ நீ ஒருத்திதான்."

அந்தச் சட்டம் முதலாளிகளுக்கு எழுதப்பட்டது. இந்த அம்மாவுக்கு நான் முதலாளி இல்லை. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டு கேட்டேன். "சுகர் எப்டிம்மா கீது அவருக்கு?"