எஞ்சின் ஆறும்வரை

எண்பதுகளின் நடுவில் கல்யாணமாகிப் பழவேற்காட்டுக்கு வந்தேன். அவர் இறால் கம்பெனி லாரியின் டிரைவர். விடிகாலையில் இறால் ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் போவார். சாயங்காலம் ஐஸ்கட்டியோடு திரும்புவார். கரைந்துவிடக் கூடாதென்று பொன்னேரியிலிருந்து ஒரே மிதியாக மிதித்து வருவார். கம்பெனிக் கொட்டகை எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே இருந்தது.

வீட்டில் இரண்டு அறை, பதினோரு பேர். எங்களுக்கென்று ஒரு மூலையில் புடவையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். அதற்குள் கிசுகிசுத்தால்கூட அடுத்த பாயில் யாராவது புரண்டு படுப்பார்கள். பேச நினைத்ததையெல்லாம் விழுங்கியே முதல் மாதம் போனது.

லாரி வந்து நின்ற பிறகும் அவர் இறங்க மாட்டார். எஞ்சின் ஓடிக்கொண்டேயிருக்கும், அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். வீட்டுக்குள் வர மனமில்லையோ என்று எனக்கு உள்ளூரக் கோபம். ஒருநாள் அவருடைய அம்மா, என் மாமி, என்னிடம் டீயைக் கொடுத்தனுப்பினார். தம்ளரை நீட்டிக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"வந்துதான் சேந்தாச்சே, இன்னும் இன்னாத்துக்கு ஓடினே இருக்குது?"

"இது டர்போ வெச்ச எஞ்சினு. மிதிச்சி வந்த சூட்டோட பட்டுனு நிறுத்தினா, உள்ள சுத்தற சக்கரத்துக்கு எண்ணெ போவாது. கருகிப்பூடும். அஞ்சு நிமிசம் சும்மா ஓடவுட்டு ஆறவெக்கணும்." பிறகு பக்கத்து சீட்டைக் காட்டினார். "மேல ஏறி உக்காரு. அங்க நின்னா பொகை அடிக்கும்."

ஏறினேன். கதவைச் சாத்தியதும் அந்த இரைச்சலில் நாங்கள் பேசுவது ஒருவருக்கும் கேட்காதென்று இருவருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது.

"உனுக்கு இந்த ஊரு புடிச்சிருக்குதா?" என்றார். அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. அழுகை வந்தது. அவர் பாதி டீயை எனக்குக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு தினமும் நானே டீ கொண்டுபோனேன். நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியது, ஏரியில் படகேறப் பயந்தது, மெட்ராஸில் அவர் சாப்பிட்ட ஓட்டல் என்று எல்லாம் அங்கேதான் பேசினோம். நான் உண்டாகியிருப்பதையும் அங்கேதான் சொன்னேன். கால்தவறியதுபோல் ஆக்சிலேட்டரை ஓர் அழுத்து அழுத்திவிட்டார். கொட்டகையிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னாடா, இன்னிக்கி கால்மணி நேரமா ஆறுது?" என்றார் மாமி.

"ரொம்ப சூடும்மா," என்றார் இவர்.

குழந்தை பிறக்கும் முன்பே அவர் சவுதியில் டிரைவர் வேலை கிடைத்துப் போய்விட்டார். ஆறு மாதம் கழித்து, அவர் பேசிப் பதிந்த கேசட் ஒன்று ஊர்க்காரர் ஒருவர் மூலம் வந்தது. பக்கத்து வீட்டு டேப்ரிக்கார்டரை வாங்கி வந்து நடுவில் வைத்து எல்லாரும் சுற்றி உட்கார்ந்தோம். பெரியவர்களில் தொடங்கி ஒவ்வொருவரையும் நலம் விசாரித்தார். என்னை விசாரித்தது ஒரே வரி. எல்லார் முன்னாலும் அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்?

கடைசியில் வேலையைப் பற்றிச் சொன்னார். "இங்கயும் டர்போ வண்டிதான். ரெண்டு நிமிசம் போதும்னு சொல்றாங்க. நான் அஞ்சு நிமிசம் ஓடவுட்டுதான் நிறுத்தறேன். பக்கத்து சீட்டு காலியாதான் கெடக்குது."

"வேலையில எவ்ளோ கருத்தா இருக்கான் பாரு," என்றார் மாமா. நான் எழுந்து அடுப்படிக்குப் போய், கழுவிய அரிசியையே மறுபடியும் கழுவினேன்.

இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்தார். மகன் அவரைக் கண்டதும் என் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டான். அதற்குள் எங்களுக்கென்று கதவு வைத்த ஓர் அறை கட்டியாகியிருந்தது. முதல்நாள் அதற்குள் எதிரெதிரே உட்கார்ந்து, எங்கே தொடங்குவதென்று தெரியாமல், பிள்ளையின் பல்லைப் பற்றியே பேசினோம். நாற்பது நாள் லீவு. பழையபடி பேச்சு வரத் தொடங்கிய வாரத்தில் அவர் பெட்டி கட்டினார்.