சிங்களம் படிக்கப் பதுளைக்குப் போன கோடை

போன கோடை விடுமுறையில் நான் இலங்கையில் பதுளைக்குப் போனது சிங்களம் படிக்க. திருச்சிராப்பள்ளியில் ஒரு பெண்கள் பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறேன். கூட வேலைபார்ப்பவர்கள் கொடைக்கானலுக்குக் கிளம்பினார்கள். எனக்குப் பதுளையில் அக்கா இருக்கிறாள். அத்தானுக்குக் கடைவீதியில் ஜவுளிக்கடை. ரயில் இப்போது பதுளைவரைக்கும் வந்துவிட்டதென்று அக்கா எழுதியிருந்தாள். ஒரு பட்டணம் எப்படிப் பட்டணமானது என்று அறிய, அங்கே பேசும் பேச்சு தெரிய வேண்டும் என்பது என் எண்ணம்.

திருச்சியில் மாலை ரயில் ஏறினால் காலையில் தனுஷ்கோடி. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலில் இருபத்திரண்டு மைல், சுமார் இரண்டு மணி நேரம். குமட்டலுக்கு எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும். தோட்டத்து வேலைக்குப் போகிறவர்களை நோய்ச் சோதனைக்கென்று மண்டபத்து முகாமில் நாள்கணக்கில் நிறுத்திவைக்கிறார்கள். என்னைப் போன்றவர்களை அப்படி நிறுத்துவதில்லை. இது எனக்கு நெருடலாகத்தான் இருந்தது. தலைமன்னார் ரயிலில் வருகிறவர்கள் பொல்காவலையில் இறங்கி மலைநாட்டு வண்டிக்கு மாற வேண்டும். தூங்கிப்போனால் கொழும்பில்தான் விழிப்பீர்கள்.

எனக்குப் பாடம் சொன்னவள் மெனிக்கே. பதுளையில் ஒரு சின்னப் பள்ளியின் ஆசிரியை, முப்பது வயதிருக்கும். கணவர் இறந்துவிட்டார். மூன்று வயது மகள் நந்தாவோடும் அண்ணன் பண்டாவோடும் ஊர் எல்லையில் இருந்தாள். தமிழ் ஒரு சொல்லும் வராது. எங்களுக்குப் பொதுவாக இருந்தது கொஞ்சம் இங்கிலீஷ்.

அவள் பலகை வைத்துப் பாடம் நடத்தவில்லை, என்னைத் தெருவுக்கு அழைத்துப்போனாள். முதியங்கனை விகாரையில் பூவுக்கும் விளக்குக்கும் சொற்கள் படித்தேன். பதுளையிலேயே இருக்கும் கதிர்காமத் தேவாலயத்தில் நம் முருகனையே வேறு பெயர் சொல்லிக் கும்பிட்டேன். வெள்ளைக்காரர் கோட்டை கட்டியிருந்த மேட்டைக் காட்டி, அதற்கு முன் அங்கே ராஜ குடும்பத்தார் இருந்ததாகச் சொன்னாள். கடைவீதியில் முஸ்லிம் வியாபாரிகள் தமிழிலும் சிங்களத்திலும் மாறிமாறி விலை சொன்னார்கள். நம் கடை அங்கே கடே. நாம் பறங்கியரிடம் வாங்கிய மேசையையும் ஜன்னலையும் அவர்களும் வாங்கி, மேசய, ஜனேலய என்று வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டணத்துக்கு யார் யார் வந்துபோனார்கள் என்பது பேச்சிலேயே இருந்தது.

இரண்டாம் வாரம் சம்பளப் பேச்சை எடுத்தேன். சம்பளம் வேண்டாம், தன்னோடு மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தால் போதும் என்றாள். நந்தா பிறந்தபோது ஆஸ்பத்திரியில் மெனிக்கேவுக்குக் கடும் காய்ச்சல், பாலே இல்லை. பக்கத்துக் கட்டிலில் மடுல்சீமைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி, பெயர் வீராயி. அவளுடைய குழந்தை பிறந்த மறுநாளே இறந்துவிட்டது. அழுதுகொண்டிருந்த நந்தாவை அவளே எடுத்துப் பால் கொடுத்தாள். காய்ச்சல் இறங்கி மெனிக்கே கண் திறந்தபோது அந்தக் கட்டில் காலி. தோட்டத்து ஆட்கள் அழைத்துப் போய்விட்டார்களாம்.

அவளுக்கு நன்றி சொல்ல, இரண்டு பேச்சும் தெரிந்த கடைக்காரர் யாரையாவது கூட்டிப்போயிருக்கலாமே என்றேன். ஒரு பெண் வாயால் சொல்ல வேண்டிய விஷயம் என்றாள் மெனிக்கே.

சனிக்கிழமை காலை மோட்டார் பஸ்ஸில் புறப்பட்டோம். பசறைவரைக்கும் பன்னிரண்டு மைல். பிறகு மாட்டுவண்டி. வண்டி ஏறாத இடத்தில் நடை; பண்டா நந்தாவைத் தோளில் வைத்துக்கொண்டார். அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பும் சவர்க்காரமும் கொண்டுபோங்கள். இரவு, தோட்டத்துக்குக் கீழே ஒரு முஸ்லிம் கடைக்காரர் வீட்டில் தங்கினோம். அவர் மனைவி எங்கள் கதையைக் கேட்டுவிட்டுக் குழந்தைக்குத் தனியாகக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள்.

ஞாயிறு காலை, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனோம். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்து அறை. கடைசி அறை வாசலில் வீராயி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மெலிந்த உடம்பு, கையெல்லாம் தேயிலைக் கறை. மெனிக்கேயை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. நான் ஆஸ்பத்திரி என்றதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு நந்தாவைப் பார்த்தாள்.

"அந்தப் பாப்பாவா இது?"

மெனிக்கே குனிந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்லச் சொன்ன நன்றியை எல்லாம் நான் சொன்னேன். வீராயி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். கண் குழந்தைமேலேயே இருந்தது. பிறகு என்னிடம் திரும்பினாள்.

"ஒன்னு கேக்கணும்மா. எம் புள்ளய எங்க பொதைச்சாங்கன்னு இவுங்களுக்குத் தெரியுமா? எனக்கு யாருமே சொல்லலைங்க."

புதைப்பதற்குச் சிங்களத்தில் என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. இங்கிலீஷில் சொல்லவும் நா எழவில்லை. அவளுடைய குழந்தை, மண், அடியில், எங்கே என்று எனக்குத் தெரிந்த சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தேன்: "எயாகே தருவா... பஸ யட... கொஹேத?"

மெனிக்கேயின் முகம் மாறியது. அண்ணனைப் பார்த்துவிட்டு, இங்கிலீஷில் என்னிடம் சொன்னாள். அந்தத் தாய் கேட்டால் மட்டும் சொல்வதென்று இருவரும் இதுவரைக்கும் என்னிடம்கூட மறைத்திருக்கிறார்கள். அன்று ஆஸ்பத்திரி வெளிவாசலில் காத்திருந்த பண்டா, சின்ன உடல் கேட்பாரில்லாமல் போவதைக் கண்டு, அனுமதி கேட்டு வாங்கிப்போய், தம் வீட்டு வேலியோரத்தில் அடக்கம் செய்திருக்கிறார்.

நான் சொல்லி முடித்ததும் வீராயி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து வந்த அவள் புருஷன்தான் பேசினார்: "போயிப் பாத்துட்டு வா. கங்காணிக்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

வேலையாட்களுக்குத் தலைவரான கங்காணியிடம் நானும் போனேன். திங்கட்கிழமைப் பேர் விழாதே, கூலி போகுமே என்றார்.

"பரவாயில்லைங்க" என்றாள் வீராயி. கங்காணி, மலைச் சரிவில் குளிரும் என்று தம் போர்வையைக் கொடுத்தார்.

பதுளைக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பண்டா வேலியோரத்தைக் காட்டினார். எலுமிச்சைச் செடிக்குக் கீழே ஆற்றுக்கற்களைச் சுற்றி அடுக்கி வைத்திருந்தார்கள். அடுக்களைச் சுவர் அங்கிருந்து நாலைந்து எட்டுதான். வீராயி உட்கார்ந்து மண்ணின்மேல் இரண்டு கையையும் வைத்தாள். அழுது ஓய்ந்த பிறகு அடுக்களைப் பக்கம் பார்த்தாள். நந்தா உள்ளே எதற்கோ அடம்பிடித்துக் கத்திக்கொண்டிருந்தது.

"கிட்டத்தான் வச்சிருக்காங்க. வீட்டுப் பேச்சுச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும்" என்றாள்.

நான் அதை மெனிக்கேயிடம் சொன்னேன். இந்த முறை எல்லாச் சொல்லும் எனக்குத் தெரிந்திருந்தது.

பதுளைக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சித்திரை, வைகாசியில் பிற்பகல் மழை உண்டு. வேலைகளைக் காலையில் முடித்துக்கொள்ளுங்கள். கம்பளி அவசியம். தோட்டங்களில் யாரையாவது பார்க்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை போங்கள். மற்ற நாட்களில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்து மலைக்குப் போனவர்கள் திரும்பப் பொழுது போய்விடும். ஒரு மாதத்தில் சிங்களம் முழுதும் வராது. ஆனால் இரண்டு பேருக்கு நடுவே நிற்கும் அளவுக்கு வரும்.

நான் ஊர் திரும்புவதற்கு முந்தின ஞாயிறு, சொல்லிக்கொள்ள மெனிக்கே வீட்டுக்குப் போனேன். வீராயி புருஷனோடு வந்திருந்தாள். இரண்டு பெண்களும் அடுக்களையில் பலாக்கொட்டை உரித்துக்கொண்டு, அவள் தமிழிலும் இவள் சிங்களத்திலுமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் செருப்பைக் கழற்றிய சத்தம் இருவருக்குமே கேட்கவில்லை.