அடிக்குறிப்பில் இருந்த மூத்த பெண்மணி

கசார்வாடி மாரியம்மன் கோயில் வாசலில் மங்கையர்க்கரசி ஆடிக் கூழுக்குக் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். கோயில் செயலாளர் பாலச்சந்திரன் கையில் தாள்களோடு வந்தார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆதாரம் இல்லாமல் வாய் திறக்கமாட்டார்.

“ஆனந்தவல்லி கூழ் கிண்ட வேண்டாம்மா. புருஷனை இழந்தவங்க கூழ்ப்பானையைத் தொடறது மரபில்லையாம். ஆராய்ச்சிக் கட்டுரையிலேயே வந்திருக்கு.”

கோயிலுக்குக் கூரை போடுமுன்பே கூழ்க் கரண்டி பிடித்தவள் ஆனந்தவல்லி. புருஷன் போனபின் மூலையே கதி என்று கிடந்தவள், இப்போதுதான் மனம் தேறி, “இந்த ஆடிக்கு நான் வரேன்டி” என்றிருந்தாள்.

“யாருங்க எழுதினது?”

“தேஜஸ்வினின்னு ஒரு பொண்ணு. காலேஜ்ல பெரிய படிப்பு.”

முறம் நின்றது. போன ஆடியில் ஊரின் மறுகோடி ஹடப்சரிலிருந்து வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, தட்டுத்தடுமாறித் தமிழில் கேள்வி கேட்ட பெண்தான். “ஆன்ட்டி, விடோஸ் கூழ்ப்பானையைத் தொடக்கூடாதுன்னு ரூல் இருக்கா?” என்று கேட்டாள். “எனக்குத் தெரியாதும்மா. எங்கியாவது இருக்கலாம்” என்றாள் இவள். வெயிலில் வந்த பிள்ளையை வெறுங்கையோடு அனுப்ப மனசு வரவில்லை.

“சார், அது நான் சொன்னதுங்க. தெரியாதுன்னுதான் சொன்னேன்.”

பாலச்சந்திரன் சிரித்தார். “நீங்க அஞ்சாவது படிச்சவங்க. இங்க பாருங்க, அடிக்குறிப்பே இருக்கு.” இங்கிலீஷைத் தமிழாக்கிப் படித்தார்: “தகவல் தந்தவர், மரபறிந்த மூத்த பெண்மணி, கசார்வாடி.”

“அந்தப் பெண்மணி நான்தானுங்க!”

“கசார்வாடியில நீங்க ஒருத்திதானா பெண்மணி?”

“அப்ப யாருன்னு விசாரிங்க.”

“அதெல்லாம் காலேஜுலயே பார்த்திருப்பாங்க.”

அன்று மாலையே தேஜஸ்வினிக்குப் போன் போட்டாள். “ஸாரி ஆன்ட்டி. நேர்ல கேட்ட சோர்ஸ் ஒண்ணாவது வேணும்னு மேடம் சொன்னாங்க. ‘இருக்கலாம்’னு எழுதினா வீக்கா இருக்குன்னாங்க. அதான் ‘இருக்கு’ன்னு போட்டேன்” என்றாள் அந்தப் பெண். அதையே செயலாளருக்கு மெசேஜாக அனுப்பவும் செய்தாள்.

பாலச்சந்திரன் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “போன்ல வர்ற மெசேஜை எல்லாம் ஆதாரம்னு எடுத்துக்க முடியுமா?”

மங்கையர்க்கரசிக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆனந்தவல்லியிடம் போய் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

“‘இல்லை’ன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமில்லடி?”

“இல்லைன்னும் எனக்குத் தெரியாதேடி” என்றாள் மங்கையர்க்கரசி.

கூழ் ஊற்றும் நாளில் மங்கையர்க்கரசியைக் கரண்டி பிடிக்கக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை, ஆனந்தவல்லியை வம்படியாக அழைத்து வந்து, கூட்டத்தோடு தானும் உட்கார்ந்தாள். சுஷ்மா என்ற சின்னப் பெண் கிண்டினாள். மாவு கட்டி தட்டியது; அடிபிடித்த வாசம் கிளம்பியது.

“தீயைக் குறைடி! அடியோட சுரண்டாதே!” ஆனந்தவல்லி தன்னையறியாமல் எழுந்து நாலடி போய்விட்டாள்.

பாலச்சந்திரன் குறுக்கே கை நீட்டினார். கொஞ்சம் யோசித்தார். “அங்கிருந்தே வாயால சொல்லுங்கம்மா. வாயால சொல்லக்கூடாதுன்னு கட்டுரையில இல்லை.”

ஆனந்தவல்லி நின்ற இடத்திலேயே வெறுங்கையைச் சுழற்றி, எப்படிக் கிண்டுவதென்று காட்டிக்கொண்டிருந்தாள். மங்கையர்க்கரசிக்கு அன்று அம்மன் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.